நோயா, வழக்கா?

மழலை பெற்றோர்க்கு இன்பந் தருவது. உரிய வயதிலும் அது தெளியாதிருப்பின் அவ்வின்பமே கவலையாகின்றது. அக்கவலையைத் தீர்க்க உதவுவோரே பேச்சு, கேட்டற் சிகிச்சையாளர். நம் நாட்டில் அவர்களைப் பயிற்றும் பணி 1997ஆம் ஆண்டு களனிப் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா வகுப்பாகத் தொடங்கிற்று. பின்னர், இராகமையிலுள்ள மருத்துவ பீடத்தில் நான்காண்டுப் பட்டநெறியாக வளர்ந்துள்ளது.

அவர்கள் கற்பது ஆங்கிலத்தில். சிகிச்சை செய்யவேண்டியதோ சிங்களத்திலும் தமிழிலும். சிக்கல் இங்கேதான் எழுகின்றது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'பழம்' என்பதைப் 'பளம்' என்னும். மலையகத்துப் பிள்ளை 'காற்று' என்பதைக் 'காத்து' என்னும். இவை நோயல்ல, வீட்டு வழக்கு. இதனை அறியாத சிகிச்சையாளர் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவார். உள்ள நோயை மொழி வேற்றுமையென்று தள்ளிவிடுதலுங் கூடும்.

ஆதலால், இருமொழிப் பிள்ளையை இரு மொழியிலுஞ் சோதித்தல் வேண்டும். மொழி வளர்ச்சியில் உண்மையான குறையிருப்பின் அது இரண்டிலுந் தோன்றும். புதிதாய்க் கற்கும் மொழியில் மட்டுந் தடுமாறின், பெரும்பாலும் அது பழக்கக் குறைவே.

ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்தாற் போதுமென்பாரும் உளர். ஆங்கிலத்திலே தனிச்சொல் உணர்த்தும் பொருள் பலவற்றைத் தமிழிலே வேற்றுமையுருபும் வினைவிகுதியும் உணர்த்துகின்றன. தமிழ்ப் பிள்ளையைச் சோதிப்போர் அவற்றையன்றோ நோக்கவேண்டும்? சொற்களைக் கேட்பித்துச் செவிப்புலனை அளக்கும்போதும் அவ்வாறே. பிள்ளை அறியாத மொழிச் சொற்களைக் கேட்பித்தால், அளக்கப்படுவது செவியன்று, மொழியறிவே.

"வீட்டிலே தமிழை நிறுத்தி, ஒரு மொழியே பேசுங்கள்" என்று பெற்றோர்க்கு அறிவுரை கூறுவாருமுண்டு. இரு மொழி கேட்டு வளர்வதனால் பேச்சுக்குறை உண்டாவதில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. பாட்டியோடு பேசும் மொழியையும் இழந்த பிள்ளைக்குப் பேச வாய்ப்புக் குறையுமேயன்றிப் பேச்சு வளராது.

ஆகவே, பயிற்சியில் உடற்கூற்றியலோடு நம் நாட்டு மொழிகளின் ஒலியும் இலக்கணமும், பல பகுதி மக்களின் வழக்கும் இடம்பெறவேண்டும். மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கொண்டு சோதிக்கும் முறையையும் அவர்கள் பயிலவேண்டும். சிங்கள மாணவர் தமிழையும், தமிழ் மாணவர் சிங்களத்தையும் கற்றல் இத்தொழிலுக்கு அணியன்று, கருவியே.

பல்கலைக்கழகத்தை நோக்கி நிற்கும் நம் மாணவர் இத்துறையையும் எண்ணிப் பார்ப்பாராக. பெற்றோர்க்கு நாம் சொல்வது ஒன்றே: ஐயமெழுந்தால் நாட்கடத்தாது காட்டுங்கள், வீட்டிலே பிள்ளை பேசும் மொழி யாதென்பதை முதலிலேயே சொல்லுங்கள்.