'மச்சி, ஜிபே பண்ணிடுறேன்டா': நண்பர்களிடம் காசு கேட்க ஏன் இவ்வளவு தயக்கம்?

சனிக்கிழமை ராத்திரி. பெசன்ட் நகர் பீச்சில் காத்து வாங்கிவிட்டு, ஆறு பேர் கொண்ட நண்பர்கள் கூட்டம் பக்கத்தில் ஒரு ரெஸ்டாரன்ட்டுக்குள் நுழைகிறது. கிரில் சிக்கன், பிரியாணி, மாக்டெயில் என்று மேஜை நிறைகிறது. பில் ரூ.4,320. "ஆளுக்கு 720 டா, ஈக்வலா போட்டுக்கலாம்" என்கிறது ஒரு குரல். ரூ.210-க்கு ஒரு எக் ஃப்ரைடு ரைஸ் மட்டும் சாப்பிட்டவர், எதுவும் பேசாமல் போனை எடுக்கிறார்.

அவர் கூடுதலாகக் கொடுத்தது ரூ.510. ஐடி கம்பெனியில் நாலு வருஷ அனுபவம் உள்ளவருக்கு அது பெரிய தொகை இல்லை. முதல் வேலையில் சேர்ந்து, ஹாஸ்டல் வாடகை கட்டி, ஊருக்கும் பணம் அனுப்புகிறவருக்கு அது நாலைந்து நாள் மதியச் சாப்பாடு. அடுத்த வாரம் "எங்க மீட் பண்ணலாம்?" என்று குரூப்பில் மெசேஜ் வரும்போது, "கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க போங்க" என்று பதில் போடுவதும் அவர்தான். நண்பர்களும் அதை நம்பிவிடுகிறார்கள்.

பட்டன் போச்சு, பேச்சு வேணும்

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. யுபிஐ ஆப்களில் நண்பருக்கு 'இவ்வளவு பணம் அனுப்பு' என்று கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை தேசிய கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) நிறுத்திவிட்டது. காரணம் மோசடி. 'உங்களுக்குப் பணம் வருது, பின் நம்பர் போடுங்க' என்று சொல்லியே பலரிடம் கறந்துவிட்டார்கள். (பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். இதை வீட்டில் பெரியவர்களிடமும் ஒருமுறை சொல்லிவைக்கலாம்.)

முடிவு சரியானதுதான். ஆனால் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டவர்களுக்கு அந்தக் கோரிக்கைதான் ஒரு மறைப்பாக இருந்தது. கேட்டது ஆப், நான் இல்லை என்று ஒதுங்கிக்கொள்ளலாம். இனி அவரவர்தான் கேட்க வேண்டும்.

மொத்த பில்லையும் கட்டியவர் பாடு இன்னும் மோசம். "நீ போட்டுடு மச்சி, நைட்டு அனுப்புறேன்" என்று நாலு பேர் சொல்வார்கள். ரெண்டு பேர் அனுப்புவார்கள். மீதி ரெண்டு பேரின் இன்ஸ்டா ஸ்டோரியில் மறுநாள் புது ஷூ வரும். கேட்டால் அல்பம், கேட்காவிட்டால் மாசக் கடைசியில் கை கடிக்கும். (கிரெடிட் கார்டில் போட்டு, எல்லோரிடமும் ஜிபே வாங்கி, ரிவார்டு பாயின்ட்டும் சேர்த்துக்கொள்கிற புத்திசாலி ஒருவரும் எல்லா குரூப்பிலும் இருக்கிறார். அவருக்காகக் கவலைப்பட வேண்டாம்.)

சமமாகப் பிரிப்பதில் இன்னொரு விஷயமும் உண்டு. யூரி நீஸி உள்ளிட்ட மூன்று பொருளாதார நிபுணர்கள், இஸ்ரேலில் ஆறு ஆறு பேராக ஒரு ரெஸ்டாரன்ட்டில் உட்காரவைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவரவர் பில்லை அவரவர் கட்டும்போது ஆர்டர் செய்ததைவிட, சமமாகப் பிரிக்கும்போது அதிகமாக ஆர்டர் செய்தார்கள். எப்படியும் மற்றவர்களும் பங்கு கொடுக்கப்போகிறார்களே! அதே சமயம், எந்த முறை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலானவர்கள் 'அவரவர் பில்'லைத்தான் விரும்பினார்கள். அதாவது, மேஜையில் இருக்கும் நிறைய பேர் மனசுக்குள் நினைப்பது ஒன்றுதான். முதலில் சொல்வது யார் என்பதுதான் பிரச்சினை.

'நட்புக்குள்ள என்ன கணக்கு?' என்று கேட்பவர்கள் ஒரு கல்யாண மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நிற்கலாம். பெயர், ஊர், தொகை என்று நோட்டுப் போட்டு மொய் எழுதுகிற ஊர் இது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைத்து, கறிச்சோறு போட்டு வசூலிக்கிறார்கள். அங்கே கணக்கு எழுதுவது யாருக்கும் கூச்சமில்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் இருப்பதுதான் கூச்சம். மொய்யிலும் கடன் வாங்கியாவது செய்ய வேண்டிய நெருக்கடி இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் யார் எவ்வளவு கொடுத்தார் என்பதாவது அதில் தெளிவாக இருக்கும். இருபது வயதுகளில் இருப்பவர்கள் அந்த நோட்டைக் கிண்டல் செய்துவிட்டு, அதைவிடக் குழப்பமான ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. மெனு கார்டு கைக்கு வரும்போதே "தனித்தனியா போட்டுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டால் போதும். கேட்கிறவர் அந்த மேஜையில் அதிகம் சம்பாதிப்பவராக இருந்தால் ரொம்ப நல்லது. ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர் கேட்டால் அவருடைய பர்ஸ் வெளியே தெரியும். இவர் கேட்டால் தெரியாது. பணம் போட்டவர் பில்லை போட்டோ எடுத்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதி, அன்று ராத்திரியே குரூப்பில் போட்டுவிடுவதும் நல்லது. மூன்று நாள் கழித்துக் கேட்டால் அது கடன் வசூல் மாதிரி ஆகிவிடுகிறது.

அதே ஆறு பேர், அடுத்த சனிக்கிழமை. "மெஸ்ல சாப்பிட்டுட்டு பீச்சுக்குப் போலாமா?" என்று ஒருவர் மெசேஜ் போடுகிறார். 'கொஞ்சம் வேலை இருக்கு' என்று வழக்கமாகச் சொல்கிறவரிடமிருந்து இந்த முறை முதல் ஆளாக பதில் வருகிறது: "எத்தன மணிக்குடா?"