சொல் பிறக்கும் இடம் சொத்தையாகிறது!

தமிழெழுத்துகள் பிறக்கும் எட்டிடங்களுள் பல்லையும் ஒன்றென எண்ணி வைத்தார் தொல்காப்பியர். அந்தப் பல்லுக்கு அரசு செய்தது என்ன? சங்கரன்கோயில் விசைத்தறிக் கூலியாளைக் கேட்டால் தெரியும். கடைவாய்ப் பல் குடைகிறது, இரவெல்லாம் உறக்கமில்லை, விடிந்ததும் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை. அது தீர்ந்தால் இன்னொன்று. நெல்லைக்குப் போய்வந்தால் ஒரு நாட்கூலி போயிற்று. இறுதியில் பிடுங்கி எறிகிறான். தொடக்கத்திலேயே அடைத்திருந்தால் நிலைத்திருக்கும் பல் அது!

1953-ஆம் ஆண்டில் சென்னையில் அரசின் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. சிதம்பரத்தில் 1980-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய கல்லூரி பின்னாளில் அரசின் கைக்கு வந்தது. அரசு தானே எழுப்பிய அடுத்த கல்லூரி புதுக்கோட்டையில் திறக்கப்பட்டதோ 2023-இல்! எழுபது ஆண்டுகள்! நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றேனும் இல்லை.

“பட்டம் பெற்றோர் மிகுந்து கிடக்கின்றனரே, இன்னும் எதற்குச் செலவு?” என்பர் சிலர். கேட்போர் பெரும்பாலும் நகரத்தார். மிகுதி எவ்விடத்தில்? தனியார் கல்லூரியில் பெருந்தொகை கொட்டிப் படித்தவர், கொட்டியதை மீட்கக்கூடிய தெருவில்தானே பலகை மாட்டுவார்? அவரைப் பழித்துப் பயனில்லை. சிற்றூர்ப் பக்கம் அழைக்கப் போதிய பணியிடங்களை உண்டாக்காத ஆட்சியைத்தான் பழிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மருத்துவரே வேண்டும் என்பதுமில்லை. நியூசிலாந்து நாடு 1921-இலேயே இளம்பெண்களைத் தேர்ந்து, அரசுச் செலவில் ஈராண்டு பயிற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அவர்கள் குழந்தைகளின் சொத்தையை அடைத்தனர். பல் துலக்கக் கற்பித்தனர். அம்முறை இலங்கைக்கும் வந்து, மகரகமையில் பயிற்சிப் பள்ளி எழுந்தது. இங்கோ, 1948-இல் தில்லி இயற்றிய பல் மருத்துவர் சட்டம் மருத்துவரையும் பல் துப்புரவாளரையும் செயற்கைப் பல் செய்வோரையும் மட்டுமே பதிவேட்டில் ஏற்றியது. பள்ளிக் குழந்தையின் பல்லை அடைக்கும் பணியாளருக்கு அதில் இடமளிக்கப்படவில்லை. தமிழகப் பிள்ளையின் வாய்க்குள்ளும் தில்லியின் பூட்டு!

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் போயின. பொதிந்த இனிப்புகள் வந்தன. இனிப்பைத் தின்னும் நுண்ணுயிர் காடியைக் கக்கிப் பல்லை அரிக்கிறது. மெல்லும் புகையிலையோ உயிரையே கேட்கிறது. புற்றாக முற்றுமுன் வாயில் தோன்றும் வெண்படலத்தைக் கண்டு சொல்லப் பயின்ற கண் ஒன்று ஊரில் இருந்தால், ஒரு குடும்பம் தெருவுக்கு வராது.

தமிழில் இதைக் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை எண்ணுக. அமெரிக்க மருத்துவர் கிறீன் 1860-களில் மேலை மருத்துவத்தையே அங்குத் தமிழில் கற்பித்தார். அயலானுக்கு இயன்றது தமிழக அரசுக்கு இயலாதா?

1965-இல் தொடங்கிய நெல்லை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் வளாகத்தில் ஈராண்டுப் பயிற்சியைத் தமிழில் தொடங்குக. நெசவாளர், உழவர் வீட்டுப் பெண்களுக்கு உதவித்தொகை தந்து பயிற்றி, அவரவர் வட்டத்திலேயே பணியமர்த்துக. தில்லிச் சட்டம் குறுக்கிட்டால், அதைத் திருத்துமாறு சட்டமன்றம் தீர்மானம் இயற்றுக. முதல் அணி சங்கரன்கோயில் பள்ளிகளுக்கு வரட்டும்.