தாய் பக்கத்தில் இருக்கட்டும்

கருவுற்ற காலத்தில் தாய் ஓப்பியாய்டு வகையைச் சேர்ந்த ஹெராயினோ, வலி மாத்திரையோ, மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் போன்ற சிகிச்சை மருந்தோ தொடர்ந்து எடுத்துவந்தால், அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து ஒரேயடியாக நின்றுபோகிறது. அதுவரை ஓப்பியாய்டு அடக்கிவைத்திருந்த நரம்புகள் கட்டவிழ்ந்து, நார்அட்ரினலின் மிகுதியாகச் சுரக்கிறது. ஹெராயின் என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் என்றால் 2, 3 நாள் ஆகலாம். இன்னும் தாமதமாகவும் வரலாம். சுகப்பிரசவம்தானே என்று இரண்டாம் நாளே அனுப்பிவிட்டால், நடுக்கம் வீட்டில் போய்த்தான் தொடங்கும். அதனால்தான் இக்குழந்தைகளை, தாய் எடுத்த மருந்தைப் பொறுத்து, 3 முதல் 7 நாள் வரை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம்.

இப்படி ஒரு குழந்தையைப் பார்த்த செவிலியருக்கு அது மறக்காது. கீச்சென்ற அழுகை ஓயாது. முட்டியும் குதிகாலும் விரிப்பில் தேய்ந்து தேய்ந்து தோல் உரிந்திருக்கும். அடுத்தடுத்துத் தும்மும், கொட்டாவி விடும். பசியில் வாயைத் திறந்து தேடும். காம்பை வைத்தால் சீராகச் சப்ப முடியாமல் திணறும். தண்ணீராகப் போகும் மலத்தால் புட்டம் புண்ணாகியிருக்கும். எடை இறங்கும். சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். ஆனால் போதை விலகல்தான் என்று முடிவுகட்டுவதற்கு முன் ரத்தச் சர்க்கரை, கால்சியம், கிருமித்தொற்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஓப்பியாய்டு பழகிய தாயின் குழந்தை மூச்சு மந்தமாகப் பிறந்தால் நலோக்சோன் போடக் கூடாது. திடீர் விலகலால் வலிப்பு வரக்கூடும். மூச்சுக்குத் துணை கொடுப்பதே வழி.

இந்தக் குழந்தைகளை அளந்து பார்க்க 1975-இல் ஒரு மதிப்பெண் பட்டியலைத் தந்தவர், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பணியாற்றிய லொரெட்டா ஃபினெகன். ஆளுக்கொரு விதமாக மருந்து கொடுத்துவந்த காலத்தில் அது பெரிய முன்னேற்றம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, தொடர்ந்து மூன்று முறை 8-ஐத் தொட்டால் மார்ஃபின் தொடங்குவது என்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. குறையும் அதிலேயே இருந்தது. நடுக்கத்தையும் தசை விறைப்பையும் பார்க்க, சுற்றிய துணியைப் பிரித்துக் குழந்தையைத் தொந்தரவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே குழந்தைக்கு இரண்டு செவிலியர் இரண்டு மதிப்பெண் போட்டார்கள். தும்மலும் கொட்டாவியும்கூட மருந்துக்குக் கணக்காயின.

யேல் நியூ ஹேவன் குழந்தைகள் மருத்துவமனையில் மேத்யூ கிராஸ்மன் குழுவினர் கேள்வியைச் சுருக்கினார்கள். குழந்தை போதிய அளவு பால் குடிக்கிறதா? ஒரு மணி நேரமாவது தொடர்ந்து தூங்குகிறதா? அழுதால் 10 நிமிடத்துக்குள் சமாதானம் ஆகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மருந்து வேண்டாம். ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றால், முதலில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, துணியில் சுற்றி, தாயின் மார்போடு அணைத்து, அடிக்கடி பாலூட்டிப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின். மெத்தடோன் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் அங்கே சராசரியாக 22.4 நாள் தங்கியிருந்த நிலை மாறி 5.9 நாளானது, மார்ஃபின் பெற்றவர்கள் 98 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தார்கள். இது 2017-இல் வெளியானது. ஒரே மருத்துவமனையின் அனுபவம்தானே என்ற ஐயத்துக்கு 2023-இல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் 26 மருத்துவமனைகளில் 1,305 குழந்தைகளை வைத்து, வழக்கமான முறையையும் இந்த முறையையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வில், வீட்டுக்கு அனுப்பத் தகுதி பெற ஆன நாள் 14.9-இலிருந்து 8.2 ஆகவும், மருந்து தேவைப்பட்டவர்களின் பங்கு 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகவும் குறைந்தன. 3 மாத வயது வரை பார்த்ததில், பாதுகாப்பில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முறை நடக்க, குழந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் தாய்தான். அவரைக் குற்றவாளியாகப் பார்த்து வார்டுக்கு வெளியே நிறுத்துவது, சிகிச்சையையே வெளியே நிறுத்துவதாகும். டென்னசி மாநிலம் 2014-இல் இத்தகைய தாய்மார்மேல் குற்ற வழக்குப் போட வழிசெய்து சட்டம் கொண்டுவந்தது. பெண்கள் கைதுக்குப் பயந்து பேறுகாலச் சிகிச்சைக்கே வரத் தயங்கினார்கள். 2016-இல் அது நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. கர்ப்பிணி போதையைச் சட்டென்று நிறுத்துவதும் தீர்வில்லை. மீண்டும் பழக்கத்தில் விழும் ஆபத்து அதிகம். மருத்துவக் கண்காணிப்பில் மெத்தடோனோ பியூப்ரனார்ஃபினோ தொடர்வதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தச் சிகிச்சையில் நிலையாக இருக்கும் தாய் பாலூட்டலாம். ஊட்டச் சொல்ல வேண்டும்.

இது தொலைதூரத்துச் சிக்கல் என்று நாம் இருந்துவிட முடியாது. இந்தியாவில் 10 முதல் 75 வயதினரில் 2.1 சதவீதம் பேர் ஓப்பியாய்டு பயன்படுத்துவதாக 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு சொல்கிறது. டிரமடால் என்ற ஓப்பியாய்டு வலி மாத்திரை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதாலேயே பெண்களிடம் நாம் கேட்பதில்லை. கேட்காததால் நம் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்பில் கட்டிக் காப்பாற்றும் கங்காரு முறை நம் வார்டுகளுக்குப் பழக்கமானது. அதே கை, அதே நாற்காலி, அதே இருட்டறை இதற்கும் போதும்.

இதைப் படிக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். முதல் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், மாமியாரையும் கணவரையும் வெளியே அனுப்பிவிட்டு, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று தனியாக, கனிவாகக் கேளுங்கள். சொன்னதை வார்டு முழுக்கப் பேசாதீர்கள். குழந்தை பிறந்ததும், தாய் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், வார்மருக்குக் கொண்டுபோகும் முன் அவர் மார்பில் போடுங்கள். மார்ஃபின் தேவைப்படும் குழந்தைக்குத் தயங்காமல் கொடுங்கள். அப்போதும் தாயைப் பிரிக்காதீர்கள்.