வெள்ளியைத் தாண்டிக் குதிக்கும் ஞாயிறு



சபாவிலும் சரவாக்கிலும் பெரிய வெள்ளி பொது விடுமுறை நாள். நம் தீபகற்பத்திலோ அது வேலைநாள். ஆகவே, பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயத்துக்கும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் 1928-இல் கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயத்துக்கும் அன்று செல்பவர்களில் பலர் விடுப்பு எடுத்துக்கொண்டோ, வேலை முடிந்த களைப்போடோதான் செல்கிறார்கள். ஒரு மனிதன் கொல்லப்பட்டதை நினைவுகூர இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் பிற சமயத்தவராயின் பொறுமையோடு விளக்கலாம். ஆனால், அதே கேள்வியைக் கிறித்தவப் போதகர்களே மறைமுகமாகக் கேட்டால் என்ன செய்வது?

ஆம், கேட்கிறார்கள்! "இயேசு சிலுவையில் நம் வறுமையையும் நோயையும் சுமந்து தீர்த்துவிட்டார். எனவே விசுவாசிக்கு வறுமை இல்லை, நோய் இல்லை. இருந்தால் அவனுடைய விசுவாசத்தில்தான் குறை" என்பதே இவர்களின் போதனை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் செழித்து, தொலைக்காட்சி வழியே உலகெங்கும் பரவிய இச்செழிப்புப் போதனை இன்று நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழிலேயே முழங்குகிறது. இவர்களுக்கு வெள்ளி தேவையில்லை. அதைத் தாண்டிக் குதித்து நேரே ஞாயிற்றில் நிற்கிறார்கள். அந்த ஞாயிறும் வெற்றி, ஆசீர்வாதம், புது வீடு, புது மகிழுந்து என்றே முடிகிறது.

இதை ஏன் ஓர் ஆசிரியன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் 'என் தந்தை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றுவந்த ஒருவரின் மகன், தன் தந்தைக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை என்று எழுதியிருந்தான். பிழையின்றி, அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தான். அவர்கள் சென்ற சபையில் அப்படித்தான் சொல்லப்பட்டதாம். வகுப்பறையில் சமயம் பேசுவது என் வேலையன்று. ஆனால், பத்து வயதுப் பிள்ளை நோயாளித் தந்தையைக் குற்றவாளியாகப் பார்க்கும்படி செய்கிற போதனையைக் கண்டும் வாய்மூடி இருப்பது எந்த வேலையில் சேர்த்தி?

சிலுவை என்பது யாது?

உரோமைப் பேரரசில் சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகசின் அடிமைப் போர் ஒடுக்கப்பட்டபோது, அப்பியன் சாலையோரமாக ஏறத்தாழ 6,000 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். உயிரை எடுப்பது மட்டும் அதன் நோக்கமன்று. செத்தவன் மனிதனே அல்லன் என்று ஊரறியக் காட்டுவதே நோக்கம். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பிலாத்து இயேசுவுக்கு அளித்ததும் இதே தண்டனைதான்.

அந்தச் சாவு மனிதரின் பாவத்தைச் சுமந்த சாவு என்பது கிறித்தவ நம்பிக்கை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இசுரவேலர் விடுதலை பெற்ற இரவில் அடிக்கப்பட்ட பஸ்கா ஆட்டுக்குட்டியோடு முதல் தலைமுறையினரே அதை ஒப்பிட்டார்கள். கடவுள் மனிதத் துன்பத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை, அதற்குள் இறங்கி வந்தார் என்பதே அதன் பொருள்.

இங்கே செழிப்புப் போதகர்களிடம் ஒரு கேள்வி. கைதுசெய்யப்படுவதற்கு முன் கெத்செமனேத் தோட்டத்தில், இப்பாடு தம்மை விட்டு நீங்குமாறு இயேசு மன்றாடினார். அது நீங்கவில்லை. பவுல் தம் உடலில் தைத்த 'முள்' நீங்க மூன்று முறை வேண்டினார். அதுவும் நீங்கவில்லை. உங்கள் கணக்குப்படி இயேசுவுக்கும் பவுலுக்கும் விசுவாசம் போதவில்லை என்றல்லவா ஆகிறது? இதை மேடையேறிச் சொல்வீர்களா?

எழுந்தாரா, எழுப்பப்பட்டாரா?

செய்வினை, செயப்பாட்டுவினை என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம் அல்லவா? அந்த இலக்கணம் இங்கே உதவும். ஏறத்தாழ கி.பி. 55-இல் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல், நான்கு நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது. அதன் 15-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சாவையும் அடக்கத்தையும் உயிர்ப்பையும் அவர் வரிசையாகச் சொல்கிறார். உயிர்ப்பைச் சொல்லும் கிரேக்க வினை செயப்பாட்டுவினையாக நிற்கிறது. அதுவும், முடிந்த செயலின் பயன் இன்றும் நீடிப்பதைக் காட்டும் வடிவம். நம் மொழியில் 'எழுப்பப்பட்டிருக்கிறார்' எனலாம். வேறு இடங்களில் 'எழுந்தார்' என்னும் செய்வினையும் வருவதுண்டு. எனினும் இந்தச் செயப்பாட்டுவினை ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது.

எழுப்பியவர் யார்? கடவுள். எழுப்பப்பட்டவர் யார்? அரசும் ஆலயத் தலைமையும் குற்றவாளி என்று தீர்ப்பளித்தவர். அப்படியாயின், உயிர்த்தெழுதல் என்பது ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு! குப்பையென வீசப்பட்டவரைக் கடவுள் 'இவர் என்னுடையவர்' என்று ஏற்றுக்கொண்டார். வெள்ளியன்று வழங்கப்பட்ட தீர்ப்பு ஞாயிறன்று கவிழ்ந்தது. வெள்ளியை நீக்கிவிட்டால் ஞாயிறு எந்தத் தீர்ப்பைக் கவிழ்க்கும்?

மறையாத தழும்புகள்

சென்னைப் பரங்கிமலையோடு மரபு இணைத்துப் பேசும் தோமாவைத் தமிழர் அறிவர். உயிர்த்தெழுந்தவரை நம்ப மறுத்த தோமாவுக்குக் காட்டப்பட்டவை எவை? முடியா? பொன்னா? ஆணி துளைத்த கைகளும் ஈட்டி பாய்ந்த விலாவுமே! சாவை வென்ற உடலிலும் காயத்தின் தழும்புகள் இருந்தன என்கிறது யோவானின் நற்செய்தி. அவை தோல்வியின் அடையாளமாயின் முதலில் அவையல்லவா மறைந்திருக்க வேண்டும்? தழும்புள்ள உடலைத்தான் கடவுள் எழுப்பினார். நோயாளியை வெட்கப்படச் செய்யும் போதனைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

நம் முன்னோர்க்கு இது என்ன சொல்கிறது?

1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா மரண இரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வாந்திபேதியாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்க்கு அத்தகைய கல்லறை வரிசை இல்லை. பெயரும் இல்லை.

அவர்கள் எல்லாச் சமயத்தவரும்தாம். சிலுவையை நம்பியவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். செழிப்புப் போதனை அவர்களைப் பற்றி என்ன சொல்லும்? விசுவாசம் குறைந்தவர்கள் என்றா? அவ்வாறு சொல்லத் துணிந்தவன் மனிதனா? மாறாக, பேரரசு ஒன்றால் கொன்று வீசப்பட்ட ஒருவரைக் கடவுள் பெயர்சொல்லி எழுப்பினார் என்னும் செய்தி, கல்லறையற்றவரும் கடவுளால் மறக்கப்படவில்லை என்று நம்ப இடம் தருகிறது. வெள்ளி இல்லாத ஞாயிற்றுக்கு அவர்களிடம் சொல்ல ஒரு சொல்லும் கிடையாது.

"அப்படியானால் ஆசீர்வாதம் வேண்டாமா?"

இப்படிச் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வறுமை ஒரு புண்ணியமன்று. இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார், பசித்தவர்க்கு உணவளித்தார். பிள்ளை படித்து முன்னேற வேண்டும், நல்ல வீட்டில் வாழ வேண்டும் என்று மன்றாடுவதில் தவறே இல்லை. 'சிலுவையைச் சுமந்துகொள்' என்று சொல்லி ஏழையை வாய்மூடச் செய்ததும், அடிக்கும் கணவனோடு பெண்ணை வாழச் சொன்னதும் இன்னொரு பெரும்பிழை. அது வெள்ளியோடு நின்றுபோய் ஞாயிற்றை மறந்த பிழை. அநீதியைக் கடவுள் கவிழ்த்தார் என்று நம்புகிறவன் அநீதிக்குத் தலையாட்ட முடியாது.

நான் மறுப்பது ஆசீர்வாதத்தையன்று, அதைக் கொண்டு மனிதரின் நம்பிக்கையை எடைபோடும் தராசை! இது என் சொந்தச் சரக்குமன்று. 2010-இல் கேப் டவுனில் கூடிய உலக நற்செய்திப் பணி மாநாட்டின் அறிக்கையும், பொருள்வளத்தைக் கொண்டு ஆன்மிக நலத்தை அளக்கும் போதனையை மறுத்திருக்கிறது.

நாம் செய்யவேண்டியவை

பெற்றோர்களே, அடுத்த பெரிய வெள்ளியன்று உங்கள் பிள்ளைகளையும் ஆலயத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சாவு என்றால் பயப்படுவார்கள் என்று வீட்டில் விட்டுவிட்டு, முட்டைக்கும் இனிப்புக்கும் மட்டும் ஞாயிறன்று அழைத்துப் போகாதீர்கள். பாட்டன் பாட்டியின் சாவை அவர்கள் காணத்தான் போகிறார்கள். அன்று பற்றிக்கொள்ள ஒரு சொல் வேண்டாமா? சாவைப் பற்றியும் உயிர்ப்பைப் பற்றியும் தமிழில், உங்கள் சொந்தச் சொற்களில் பேசுங்கள். தாய்மொழியில் சொல்லப்பட்ட ஆறுதல் நெஞ்சில் தங்கும்.

ஆசிரியர்களே, உங்கள் சமயம் எதுவாயினும், "என் வீட்டில் நோய் இருக்கிறது, ஏனென்றால் எங்களுக்கு நம்பிக்கை இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் தயவுசெய்து கடந்துபோகாதீர்கள். "நோய் யாருடைய குற்றமும் அன்று" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அதற்குச் சமய அறிவு வேண்டியதில்லை, அன்பு போதும்.

போதகர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. அடுத்த முறை ஒரு நோயாளியின் விசுவாசத்தை அளக்கக் கை நீட்டும்போது, உயிர்த்தெழுந்தவர் தோமாவிடம் நீட்டிய கைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் தழும்புகள் இருந்தன.

சிந்திப்போம்.