வெளிவராத இசைக்கு யார் காவல்?

1993ஆம் ஆண்டு, லண்டனின் வால்தம்ஸ்டோ நகர அரங்கில், தமிழர் ஒருவர் எழுதிய சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. ஜான் ஸ்காட் அதை நடத்தினார். ஒலிப்பதிவும் நடந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இளையராஜாவின் அந்தப் படைப்பு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ வேறொரு சிம்பொனி. அதைக் கொண்டாடிய நாள்களில்கூட, முந்தைய ஒலிப்பதிவு என்ன ஆயிற்று என்ற கேள்வி ரசிகர்களின் பேச்சோடு நின்றுவிட்டது. பொதுவெளி விவாதமாக வளரவில்லை.

மேலைநாட்டு ராக் இசை ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தமக்குப் பிடித்த குழு பதிவுசெய்தும் வெளியிடாத பாடல்களையெல்லாம் திரட்டி, இப்படியொரு இசைப் பெட்டகம் வந்தால் எப்படி இருக்கும் என்று தட்டுத் தட்டாகப் பட்டியலிடுவார்கள். பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூரில் ஒலிநாடாக் காலத்தில் வளர்ந்த நானும் அப்படியொரு பட்டியலை மனத்தில் வைத்திருக்கிறேன். அது இளையராஜாவின் பெட்டகம்.

முதல் தட்டில் 1993 சிம்பொனி. இரண்டாவதில் ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’, ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ ஆகிய படங்களின் பின்னணி இசை, வசனத்தின் குறுக்கீடு இல்லாமல். மூன்றாவதில், பாடல் பதிவோடு நின்றுபோன படங்களின் பாடல்கள். நான்காவதில் மெட்டு பிறந்த கணங்கள்: பாடலாசிரியருக்காகத் தத்தகாரத்தில் பாடிக் காட்டியவை, ஒத்திகைகள், ‘இன்னொரு தடவை’ என்று ஒதுக்கப்பட்ட பதிவுகள். பிறர் தத்தம் பெட்டகத்தை வேறுவிதமாக அடுக்கலாம். ‘ரோஜா’வுக்கு முன்பு ஏ.ஆர்.ரஹ்மான் ‘ரூட்ஸ்’, ‘நெமிசிஸ் அவென்யூ’ ஆகிய குழுக்களில் வாசித்த காலத்தின் ஒலி ஏதேனும் மிஞ்சியிருக்குமா என்று ஏங்குபவர்கள் உண்டு.

இது வெறும் ரசிகக் கற்பனை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், கற்பனைப் பெட்டகத்தின் ஒவ்வொரு தட்டையும் எடுத்து, ‘இதன் மூலப்பதிவு எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். நம் இசை வரலாற்றின் பாதுகாப்பு எவ்வளவு பலவீனமானது என்பது அப்போது விளங்கும்.

கனவு மெய்ப்பட்ட இடங்கள்

பிற நாடுகளில் இத்தகைய கனவுகள் பலித்திருக்கின்றன. அமெரிக்காவின் ‘பீச் பாய்ஸ்’ குழு 1967இல் பாதியில் கைவிட்ட ‘ஸ்மைல்’ தொகுப்பை, ரசிகர்கள் கசிந்துவந்த துணுக்குகளைக் கொண்டு தாங்களே பலவிதமாக ஒட்டிப் பார்த்துவந்தார்கள். 2011இல் அந்த ஒலிப்பதிவுகள் முறையான பெட்டகமாக வெளிவந்தன. பாப் டிலனின் வெளிவராத பதிவுகள் 1991 முதல் தொடர் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. ஜான் லெனான் வீட்டில் ஒலிநாடாவில் பாடிவைத்த ஒரு பாடலிலிருந்து அவருடைய குரலை மட்டும் மென்பொருளால் பிரித்தெடுத்து, 2023இல் ‘பீட்டில்ஸ்’ பெயரில் புதிய பாடலே வெளியிட்டார்கள்.

இவையெல்லாம் ரசனையால் மட்டும் நடந்தவை அல்ல. சட்டமும் ஒரு தூண்டுகோல். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக நீட்டியது. அந்தச் சலுகை, வெளியிடப்பட்ட பதிவுகளுக்கு மட்டுமே. பதிவான 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத ஒலிப்பதிவின்மீது தயாரிப்பாளருக்கு இருந்த உரிமை முடிந்துவிடும். விளைவு உடனே தெரிந்தது. 2012இல் டிலனின் 1962ஆம் ஆண்டுப் பதிவுகளை அவரது நிறுவனம் ஐரோப்பாவில் சுமார் 100 பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டது. காப்புரிமை நீட்டிப்புக்கான தொகுப்பு என்று ஒளிவுமறைவின்றி அதற்குப் பெயரும் வைத்தது. மறு ஆண்டு, ‘பீட்டில்ஸ்’ குழுவின் 1963ஆம் ஆண்டுப் பதிவுகள் 59 இணையத்தில் வெளிவந்தன. உரிமை கைவிட்டுப் போகும் என்ற அச்சம், பூட்டிய அலமாரிகளைத் திறக்க வைத்தது.

ஓடத் தொடங்காத கடிகாரம்

இந்தியாவில் நிலைமை நேர் எதிரானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒலிப்பதிவின் உரிமைக் காலம் 60 ஆண்டுகள் என்கிறது. அந்த 60 ஆண்டுகள், பதிவு முதன்முதலில் வெளியிடப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். வெளியிடவே இல்லையென்றால் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை என்றாவது ஒருநாள் முடியும்; அதே ஆண்டு பதிவாகி அலமாரியில் தங்கிவிட்ட ஒரு பாடலின் ஒலிப்பதிவு உரிமைக்கு முடிவு நாளே கிடையாது. மக்களிடம் சேர்த்தவருக்குக் காலவரம்பும், சேர்க்காதவருக்கு எல்லையற்ற உரிமையும் என்பது விந்தையான நீதி.

ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் பெரும்பாலும் அதற்குப் பணம் போட்ட தயாரிப்பாளர்தான். நின்றுபோன படத்தின் தயாரிப்பாளர் தொழிலை விட்டே போயிருக்கலாம்; அவருடைய வாரிசுகளுக்கு அப்படியொரு சொத்து இருப்பதே தெரியாமல் இருக்கலாம். படைப்பாளி இறந்துவிட்டாலோ, உரிமையாளரைக் கண்டறிய முடியாவிட்டாலோ, வெளிவராத படைப்பை வெளியிடக் கட்டாய உரிமம் கோரச் சட்டத்தின் 31-ஏ பிரிவு வழிவிடுகிறது. ஆனால், உரிமம் என்பது ஒரு தாள். ஒலிநாடாவே மட்கிப்போன பிறகு, அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது?

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. மீன்வளம் மிகுந்த இடங்களில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று சில மீனவக் கிராமங்கள் தமக்குள் முறை வகுத்து, சுழற்சியாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் அது. முறை உள்ளவர் வலை கட்டும்போது மற்றவர் குறுக்கே போவதில்லை. முறை முடிந்துவிட்டால் இடம் அடுத்தவருக்கு. யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதில் அந்த ஏற்பாட்டிலும் பிணக்குகள் இருந்தே வந்திருக்கின்றன. அதை மாசற்றதாக நான் காட்டவில்லை. ஆயினும், உரிமையையும் காலத்தையும் பிரிக்கக் கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது. வலையும் கட்டாமல், இடத்தையும் விடாமல் ஒருவர் தலைமுறை தலைமுறையாகக் காத்திருப்பதை எந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தும் ஏற்காது. நம் சட்டம் ஏற்கிறது.

நாடாவின் ஆயுள்

காலம் இதில் நடுநிலை வகிப்பதில்லை. காந்த ஒலிநாடாவில், நெகிழித் தகட்டின்மேல் காந்தத் துகள்கள் ஒரு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஈரக்காற்று அந்தப் பசையை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. நாடா பிசுபிசுத்து, ஓட்டும்போதே துகள் உதிரும். ஒலியும் அதோடு போகும். உப்புக்காற்றில் மூன்று மழைக்காலம் வைத்த ஒலிநாடா என்ன ஆகும் என்பது கடற்கரை ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்தாமலே தெரியும். தமிழ்த் திரையிசையின் பெரும்பகுதி பதிவானதும் ஒரு கடற்கரை நகரத்தில்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய நாடாக்களை ஓட்டும் இயந்திரங்களும், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன.

பெரிய நிறுவனங்களின் காப்பறைகளும் முழுப் பாதுகாப்பு ஆகா. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் பற்றிய தீ, இசை மூலப்பதிவுகள் வைத்திருந்த கிடங்கையும் எரித்தது. அதன் முழுப் பரிமாணம் 2019இல்தான் பத்திரிகை வழியாக உலகுக்குத் தெரிந்தது. அழிந்தது எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அங்கே இருந்தது என்ன என்பதையாவது விவாதிக்க முடிந்தது. நம்மிடம் இருப்பது என்ன என்ற பட்டியலே பொதுவெளியில் இல்லை.

சென்னையில் இளையராஜா பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஒலிப்பதிவுக்கூடம் தொடர்பான பிணக்கு 2020இல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. கடைசியில் அவர் வேறிடம் அமைத்துக்கொண்டார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சல்ல. ஒரு மொழியின் இசை வரலாறு ஓர் அறையின் குத்தகை உடன்பாட்டை நம்பியிருக்கலாமா என்பதுதான் கேள்வி.

புத்தகங்களுக்கு நம்மிடம் ஏற்பாடு இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குச் சென்றாக வேண்டும். படச்சுருள்களுக்குப் புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இயங்குகிறது. இசைத்தட்டுக்கு இத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. வெளிவந்த இசைக்கே இல்லாதபோது, வெளிவராத இசையை யார் நினைப்பார்கள்?

படைப்பாளியின் மறுப்பு

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. வெளியிடாமல் இருப்பதும் படைப்பாளியின் உரிமைதானே? தனக்கு நிறைவு தராத ஒன்றை மறைத்துவைக்க ஒரு கலைஞருக்கு அதிகாரம் இல்லையா? நிச்சயம் உண்டு. ஒதுக்கிய மெட்டைச் சந்தைக்கு இழுத்துவருவது ரசனையின் பெயரிலான அத்துமீறலாகவும் ஆகலாம். இறந்த கலைஞரின் அரைகுறைப் பதிவுகளை நிறுவனங்கள் ஆண்டுதோறும் விற்றுக் காசாக்கும் வழக்கத்தை மேற்குலகில் பார்க்கிறோம். என் கற்பனைப் பெட்டகத்தின் நான்காம் தட்டை அவர் வெளியிட வேண்டாம் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குத்தான் முதல் மரியாதை.

ஆனால், பாதுகாப்பதும் வெளியிடுவதும் வெவ்வேறு செயல்கள். வெளியிடலாமா என்பதைப் படைப்பாளி முடிவுசெய்யட்டும். அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பையே பூஞ்சையும் ஈரமும் பறித்துவிடக் கூடாது. இன்று வேண்டாம் என்பவர் நாளை மனம் மாறலாம். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம், நாடாவை மறுபடி பயன்படுத்துவதற்காகத் தன் பழைய பதிவுகள் பலவற்றைத் தானே அழித்தது. பின்னாளில் அவற்றில் சிலவற்றை, நேயர்கள் வீட்டில் பதிவுசெய்து வைத்திருந்த நாடாக்களிலிருந்து மீட்க வேண்டியிருந்தது. அழிப்பது ஒருமுறைதான், வருந்துவதற்குத்தான் காலவரம்பு இல்லை.

செய்யக்கூடியவை

முதலாவது தேவை, கணக்கெடுப்பு. ஒலிப்பதிவுக்கூடங்கள், இசை நிறுவனங்கள், தயாரிப்பாளர்களின் குடும்பங்கள், ஒலிப்பதிவாளர்கள், வானொலி நிலையங்கள் ஆகிய இடங்களில் என்னென்ன நாடாக்கள் உள்ளன என்ற பட்டியலைத் தமிழ்நாடு அரசு தொகுக்கலாம். பட்டியலில் சேர்ப்பதால் யாருடைய உரிமையும் குறையாது. பழைய நூல்களை மின்வடிவாக்கி அனுபவம் பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகமும், இசைக்கெனவே உள்ள பல்கலைக்கழகமும் இதில் கைகோக்கலாம். ஆய்வாளர்கள் கடற்கரையோரம் பதிவுசெய்த அம்பாப் பாட்டு போன்ற நாட்டார் பாடல்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வலையிழுக்கும் கைகளின் இடத்தை இயந்திரம் பிடித்த பிறகு, அந்தப் பாட்டுகளில் பல நாடாவில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும்.

இரண்டாவது, முத்திரையிட்ட வைப்பு. உரிமையாளர் மூலநாடாவை ஒப்படைப்பார். காப்பகம் தன் செலவில் மின்வடிவாக்கி ஒரு பிரதியை அவருக்கே தரும். அவர் குறிப்பிடும் காலம்வரை யாருக்கும் அதைத் திறக்காது. தம்மிடம் உள்ள பிரதிகளைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க, வணிக நோக்கற்ற பொது நூலகங்களை 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஏற்கெனவே அனுமதிக்கிறது. தேவைப்படுவது நம்பகமான ஓர் இடமும் தெளிவான ஓர் ஒப்பந்தமும்தான்.

மூன்றாவது, 27ஆம் பிரிவில் திருத்தம். பதிவாகி 50 ஆண்டுகள் கடந்தும் வெளியிடப்படாத ஒலிப்பதிவின் உரிமைக் காலம், பதிவான நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். இசையமைப்பாளர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது என்ற நிபந்தனையும், வெளிவந்தால் அவருக்கும் பாடகர்களுக்கும் உரிய பங்கும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். இது நாடாளுமன்றத்தின் வேலை. முதல் குரல் தமிழ்நாட்டிலிருந்து எழுவது பொருத்தமாக இருக்கும்.

நான்கு தட்டுகள் கொண்ட அந்தப் பெட்டகம் என் வாழ்நாளில் வராமலே போகலாம். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அதைத் தொகுக்க முன்வரும்போது, ‘நாடா இருக்கிறது, ஓடுகிறது’ என்று பதில் சொல்ல ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். கணக்கெடுப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. ஒவ்வொரு மழைக்காலமும் ஈரத்தோடு வந்து போகிறது என்பதைத்தான் மறந்துவிடக் கூடாது.