கையூட்டுக்கு விடுமுறை!

ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்து!

2025 ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 10 ஆம் நாள், வாஷிங்டன் வெள்ளை மாளிகையிலே அதிபர் டொனால்டு டிரம்ப் அதைப் பொறித்தார். இரண்டாம் முறை அரியணை ஏறி அன்றைக்கு மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அந்தக் கையெழுத்து, அமெரிக்க வணிகன் அயல்நாட்டு அதிகாரிக்குக் கையூட்டுக் கொடுத்தால் குற்றம் என்று கூறும் சட்டத்தின் கையைக் கட்டிப் போட்டது. அரசின் தலைமை வழக்கறிஞர் தனியே விலக்களித்தாலொழிய, 180 நாட்களுக்குப் புதிய விசாரணை வேண்டாம். பழைய வழக்குகளையும் மறுபடி ஆராய்க என்றது ஆணை.

காரணம்? அந்தச் சட்டம் அமெரிக்க வணிகரின் போட்டித் திறனைக் குறைக்கிறதாம்! நேர்மை நட்டம் தருகிறதாம்! ஆகவே நேர்மைக்குச் சிறிது காலம் ஓய்வாம், கையூட்டுக்கு விடுமுறையாம்!

"வாஷிங்டனில் விழுந்த கையெழுத்துக்கு மயிலாப்பூரில் ஏனப்பா வியர்க்க வேண்டும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேட்கட்டும். அந்த மையின் துளி நம் சென்னையின் மீதே தெறித்தது என்பதை அவர்கள் அறியார்.

அந்தச் சட்டம் பிறந்த கதையை முதலில் காண்போம். வாட்டர்கேட் ஊழல் வெடித்த பின்னர் தோண்டத் தோண்டப் பிணங்கள் கிளம்பின. நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்கள், ஐயத்துக்குரிய வகையில் 30 கோடி டாலருக்கு மேல் வெளிநாடுகளிலே கொடுத்ததை ஒப்புக்கொண்டன. லாக்ஹீட் விமான நிறுவனத்தின் பணம் ஜப்பானிலே புயலைக் கிளப்பிற்று. முன்னாள் தலைமை அமைச்சர் தனாகா 1976 இல் கைது செய்யப்பட்டார். வெட்கித் தலைகுனிந்த அமெரிக்கா 1977 இல் சட்டம் இயற்றிற்று. அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்டார். கொடுப்பவனையே பிடிப்போம் என்று ஒரு வல்லரசு எழுந்து நின்ற நாள் அது.

அந்தச் சட்டம் சென்னைக்கு வந்த கதைதான் நமக்கு வேண்டியது. காக்னிசன்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் சென்னையிலே பெரியதோர் அலுவலக வளாகம் எழுப்பியது. அதற்கான திட்ட அனுமதிக்காக, 2014 இல், தமிழக அரசின் மூத்த அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் கேட்டார் என்றும், கட்டட ஒப்பந்ததாரர் வழியாக அதைக் கொடுக்க ஏற்பாடாயிற்று என்றும், பொய்க்கணக்கு எழுதி ஈடுகட்டினர் என்றும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2019 பிப்ரவரியிலே குற்றம் சாட்டிற்று. தானே முன்வந்து செய்தியைத் தெரிவித்திருந்த அந்நிறுவனம், குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், ஏறத்தாழ 2.5 கோடி டாலர் கட்டி விலகிற்று. அதன் முன்னாள் உயர் அலுவலர் இருவர் மீது நியூஜெர்சியில் குற்றவழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் குற்றத்தை மறுத்தனர்.

ஆறு ஆண்டுகள் உருண்டோடின. 2025 இல் விசாரணை தொடங்கவிருந்தது. சாட்சிகள் பேசியிருப்பர், ஏடுகள் திறக்கப்பட்டிருக்கும். குற்றம் நடந்ததா, இல்லையா என்பதை அறமன்றம் உரைத்திருக்கும். அதற்குள் வந்தது வெள்ளை மாளிகையின் ஆணை! ஏப்ரல் தொடக்கத்தில், வழக்கைக் கைவிடுகிறோம் என்றது அரசுத் தரப்பு. அந்த வழக்கறிஞர் அலுவலகத்தின் தலைமையில் அப்போது அமர்ந்திருந்தவர், முன்பு டிரம்பின் சொந்த வழக்கறிஞராக இருந்தவர்! நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவ்வளவுதான், திரை விழுந்தது.

ஜூன் திங்களில் புதிய நெறிமுறை வகுத்தனர். சட்டம் மீண்டும் கண் விழித்தது. ஆனால் பார்வை மாறிற்று. அந்தக் கையூட்டு அமெரிக்க நிறுவனத்தின் போட்டி வாய்ப்பைக் கெடுத்ததா என்பது முக்கியக் கேள்விகளுள் ஒன்றாயிற்று. கையூட்டு நுழைந்த நாட்டின் ஏழை எளியோர் என்ன ஆவர்? அந்தக் கேள்விக்கு அந்தத் தராசிலே தட்டே இல்லை!

ஆணை தனித்து வந்ததன்று. பதவியேற்ற அன்றே, 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தைச் சூறையாடிய வழக்குகளிலே சிக்கியிருந்த ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார் அதிபர். பதவியேற்புக்கு மூன்று நாள் முன்னதாகத் தம் பெயரிலேயே மின்நாணயம் ஒன்று சந்தைக்கு வந்தது. அதை மிகுதியாக வைத்திருந்த 220 பேர் மே 22 அன்று விருந்துக்கு அழைக்கப்பட்டனர். கத்தார் அரசு நீட்டிய போயிங் 747 வானூர்தியை அதே மாதம் அமெரிக்க அரசு ஏற்றது. செப்டம்பர் 19 அன்று ஒரே மூச்சில் இரண்டு அறிவிப்புகள்: 10 லட்சம் டாலர் தந்தால் குடியேறத் தங்க அட்டை, அறிவை மூலதனமாகக் கொண்டு வேலைக்குச் செல்பவனுக்கான புதிய விசா விண்ணப்பத்துக்கோ 1 லட்சம் டாலர் கட்டணம்! இவற்றில் எதுவும் சட்டமீறல் அன்று என்று அவரது தரப்பு வாதிட்டது. வாதிடட்டும். அரசு அங்காடியாகும்போது கல்லாவுக்குக் கணக்கு உண்டு என்று சொன்னால் மட்டும் அது அரசாகிவிடுமா?

நான் ஓர் ஆசிரியன். இந்தச் செய்தியை ஏட்டிலே படித்த மாணவன் ஒருவன் வகுப்பிலே எழுந்து கேட்டான்: "ஐயா! அமெரிக்காவே அந்தச் சட்டத்தை நிறுத்திவிட்டது. நாம் மட்டும் ஏன் தப்பு என்று படிக்க வேண்டும்?"

அந்தப் பிள்ளைக்கு விடை சொல்ல வேண்டியவர் டிரம்ப் அல்லர், நாம்.

அனுமதித்தாள் என்றால் என்ன? வெறும் காகிதமா? இந்த இடம் ஏரி, கட்டாதே. இது சதுப்பு நிலம், தொடாதே. இது வெள்ளம் வடியும் வழி, விட்டுவிடு என்று சொல்ல வேண்டிய காவலன் அது. ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் மீது நான் பழி போடவில்லை. ஆனால் அந்தக் காவலனுக்கு விலை உண்டு என்று ஊர் அறிந்துவிட்டால் என்ன ஆகும்? 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டைக் குடிசைகளிலும் கழுத்தளவு நீரில் நின்றவர்களுக்கு, காவலன் தூங்கினால் என்ன நேரும் என்பது தெரியும். கையூட்டை வாங்குபவன் மாடியிலே இருப்பான். கொடுப்பவன் கடல் கடந்து இருப்பான். வெள்ளம் மட்டும் ஏழையின் வீட்டு முகவரியைத் தேடி வரும்!

"எங்கும் உள்ளதுதானே!" என்று தோளைக் குலுக்குகிறோமே, அந்தப் பாடத்தை எங்கே பயின்றோம்? தேர்வில் தேறினால் தேங்காய் உடைக்கிறேன், வேலை கிடைத்தால் முடி இறக்குகிறேன், விசா கிடைத்தால் உண்டியலில் போடுகிறேன் என்று ஆண்டவனிடமே பேரம் பேசப் பழகிய நாவுக்கு அதிகாரியிடம் பேசக் கூச்சம் ஏது? வரத்துக்கு விலை உண்டு என்று நம்புகிறவன், உரிமைக்கும் விலை உண்டு என்று நம்பிவிடுகிறான். பகுத்தறிவு இயக்கம் அந்த நம்பிக்கையின் வேரிலே கோடரி வைத்தது வீணுக்கா?

தியாகராய நகர்த் தெருக்களிலே நாள்தோறும் நடக்கிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நினைக்கிறோமா? 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது ஆளுநர் வில்லிங்டன் பிரபு, அமைச்சரவை அமைக்க வெள்ளுடை வேந்தர் தியாகராயரை அழைத்தார். முதலமைச்சர் நாற்காலி! கைக்கெட்டிய நாற்காலி! அவர் வேண்டாமென்றார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் அமர்ந்தார். பதவியைப் பையாக்கிக் கொள்ளாத மனிதரின் பெயரை ஓர் ஊருக்கு வைத்தோம். ஊரிலே துணிக்கடையும் நகைக்கடையும் பெருகின. பெயரின் பொருள் மட்டும் மங்கிப் போக விடலாமா?

தோழர்களே! வெள்ளைக்காரன் நாட்டு நீதிமன்றம் வந்து நம் வீட்டுக் குப்பையைக் கூட்டும் என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்துக்கு 2025 இல் சாவுமணி அடித்துவிட்டது. துடைப்பம் நம் கையில்தான் இருக்கிறது. 1988 இன் ஊழல் தடுப்புச் சட்டம் நம்முடையது; கொடுப்பவனும் குற்றவாளி என்று 2018 இல் அதைத் திருத்தினோம். இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் கண்டது தமிழகம், 1997 இல்! 2005 இல் அது நாடு முழுமைக்கும் ஆயிற்று. கேள்! எழுதிக் கேள்! எந்த ஏரிக்கரையிலே எந்தக் கட்டடத்துக்கு எந்த நாளில் யார் அனுமதி தந்தார் என்று கேள்! சென்னையில் நடந்ததாகக் கூறப்பட்ட குற்றத்துக்குச் சென்னையின் நீதிமன்றமே முடிவு சொல்ல வேண்டும் என்று உரக்கக் கேள்!

வாங்கியவர் எந்த ஆட்சியில் இருந்தார், எந்தக் கொடியை ஏற்றினார் என்று பார்க்காதே. கொடியின் நிறம் பார்த்துக் குற்றத்தின் எடை போடுபவன் பகுத்தறிவாளன் அல்லன். அவனும் ஒரு பக்தனே!

வெள்ளை மாளிகை கையூட்டுக்கு விடுமுறை விட்டது. நம் மனச்சான்றுக்கு நாம் விடுமுறை விடுவதற்கில்லை. அந்த மாணவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான், நம் விடைக்காக.