நாலு ஓட்டையும் ஒரு துப்பாக்கியும்

குடகுக்கு மாற்றல் என்று ஆர்டர் வந்ததும் வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குமாமே?" என்பதுதான். வந்து பார்த்தால் உண்மைதான். நம்ம ஊரில் வாசலில் சைக்கிள் நிற்கிற மாதிரி இங்கே பல வீடுகளில் துப்பாக்கி. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் 1861-ல் ஆரம்பித்த சலுகை. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது. வந்தேறியான எனக்கு அந்த விலக்கு கிடையாது. அதனால் நான் எதையும் தொட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பதோடு சரி.

செப்டம்பர் முதல் வாரத்தில் இங்கே கைல்போத் பண்டிகை. நம்ம ஆயுத பூஜை மாதிரி. துப்பாக்கியைத் துடைத்து, பூஜையில் வைத்து, குழல் வாயில் 'தோக் பூ' செருகுவார்கள். தோக் என்றால் கொடவ மொழியில் துப்பாக்கி. அந்தப் பூ வேறொன்றுமில்லை, நம்ம செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநிலப் பூவை இங்கே துப்பாக்கி வாயில் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, ஊர் ஞாபகமும் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டு அங்கிள் காபித் தோட்டக்காரர். எழுபதைத் தாண்டியவர். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் செய்த பழைய 12 போர் பம்ப் ஆக்‌ஷன். அவர் அப்பா வேட்டைக்கு வாங்கியது. அதன் முதுகில் வரிசையாக நாலு வெள்ளைப் பொட்டு.

"மேல என்ன அங்கிள், விபூதி வச்ச மாதிரி?"

"ஓட்டை சார். பையன் பண்ணின வேலை."

பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் சில வருஷம் முன்னால் தேங்காய் சுடும் போட்டிக்காக அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி சைட் மாட்டினாராம். அதற்கு ஒரு ரெயில் வேண்டும். ரெயிலுக்கு நாலு ஸ்க்ரூ. இந்த மாதிரி துப்பாக்கிகளில் குண்டு ஏறி இறங்குகிற இரும்புப் பெட்டியின் (ரிசீவர் என்கிறார்கள்) மேல் பக்கத்தில் கம்பெனியே துளை போட்டு, மரை வெட்டி, தலையில்லாத குட்டி ஸ்க்ரூவால் மூடி அனுப்புவது உண்டு. மகன் அந்தக் குட்டி ஸ்க்ரூக்களைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார். அப்புறம் சைட் பிடிக்கவில்லை என்று ரெயிலையும் எடுத்துவிட்டார். ஓட்டை மட்டும் மிச்சம். அங்கிள் பிளம்பர் பைப்புக்கு வைக்கிற பிசின் மாவைக் குழைத்து அடைத்துவிட்டார். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. இந்த ஊர் மழை தெரியுமே, ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை. சரியாகச் சுத்தம் செய்யாமல் எண்ணெய் பட்ட இரும்பில் வைத்த மாவு ஒட்டவில்லை. ஓரத்தில் மயிரிழை விரிசல். அதில் ஈரம் இறங்கி உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு ஊசியால் அங்கிள் நெம்பியதும் மாவு கழன்று வந்தது. கூடவே காப்பிப் பொடி மாதிரி துரு. நாலில் ஒன்றில் இன்னொரு கூத்து. முன்பு ஹார்டுவேர் கடையில் கிடைத்த ஸ்க்ரூவை முறுக்கிப் பார்த்திருக்கிறார், மரை சிதைந்திருக்கிறது.

இங்கேதான் என் கட்சி. மறைப்பது வேறு, அடைப்பது வேறு.

வாடகை வீட்டில் காலம் தள்ளுகிற நமக்கு இது நன்றாகத் தெரியும். காலி செய்கிற அன்று சுவரில் ஆணி அடித்த ஓட்டையிலெல்லாம் டூத் பேஸ்ட் அப்பி, அட்வான்ஸைத் திரும்ப வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (நான் இரண்டு கையையும் தூக்குகிறேன்.) அது வீட்டுக்காரர் கண்ணுக்காகச் செய்வது. சுவருக்காகச் செய்வதல்ல. பேங்கிலும் இதுதான் நடக்கும். சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு தொகை ஒட்டிக்கொண்டிருந்தால் அது எங்கே போகவேண்டியது என்று தேடிப் போடவேண்டும். ஆடிட்டர் வருகிறார் என்று ஏதோ ஒரு தலைப்பில் தள்ளிப் பூஜ்யமாக்கினால், அன்றைக்குக் கணக்கு அழகாக இருக்கும், துரு உள்ளே பிடிக்கும்.

சுவரில் பேஸ்ட் அப்பினால் போகட்டும். துப்பாக்கியில் கூடாது. சரியான வழி ஒன்றும் பெரிய வித்தையில்லை. அந்தத் துளைக்கு உரிய மரையில் தலையில்லாத மூடி ஸ்க்ரூ போடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் 'உரிய மரை' என்பதில்தான் சூட்சுமம். அமெரிக்கத் துப்பாக்கிகளில் 6-48 என்ற அளவு சகஜம். அதாவது அங்குலத்துக்கு 48 மரை. விட்டம் கிட்டத்தட்ட 3.5 மில்லிமீட்டர். நம்ம கடையில் கிடைக்கிற 3.5 மி.மீ. ஸ்க்ரூ பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மரையின் இடைவெளி வேறு. இரண்டு சுற்று போகும், அப்புறம் அடம்பிடிக்கும், முறுக்கினால் துளை நாசம்.

அடுத்தது நீளம். கொஞ்சம் கூடினாலும் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட்டில் இடிக்கும். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, கையால் இழுத்து ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டும். துளையைத் துரு, எண்ணெய் இல்லாமல் சுத்தம் செய்து, நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம். அது சூடு காட்டினால்தான் விடும். வெல்டிங் வைத்து அடைக்கலாமே என்று லேத் பட்டறையில் யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் கெடும். ஓட்டை ரிசீவரில் இல்லாமல் குழலில், தோட்டா வெடிக்கிற இடத்தில் இருந்தால் கதையே வேறு. அங்கே சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டு அளவுக்கு அழுத்தம். அதை எந்த ஸ்க்ரூவும் தாங்காது. அந்தக் குழலைச் சுடவே கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பி.காம். படிப்பில் இல்லை. அங்கிளோடு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் போய் அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்று துளைக்குச் சரியான ஸ்க்ரூ போட்டார். சிதைந்ததை ஒரு சுற்று பெரிதாக்கி மரை வெட்டி மூடினார். "இன்னொரு தடவை கெடுத்தா பெரிதாக்க இரும்பு இல்லை" என்று எச்சரித்தார். மேலே கறுப்பேற்றியதும் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கூலி ஒரு குடும்பத்தின் ஓட்டல் சாப்பாட்டுக் காசைவிடக் குறைவு.

திரும்பி வரும்போது கேட்டேன். "வேட்டைக்கு 1972-லயே சட்டம் போட்டாச்சு. வருஷத்துக்கு ஒரு தேங்காய் சுடறதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா அங்கிள்?"

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம் சொன்னார். "எங்க வீட்ல ஆண் குழந்தை பிறந்தா ஒரு வெடி. யாராவது போனா ரெண்டு வெடி. எங்கப்பாவுக்கு இதுலதான் நான் வெடிச்சேன். எனக்கும் இதுலதான் வெடிக்கணும். அன்னைக்கு இது மக்கர் பண்ணக்கூடாது சார்."

அதற்கப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எதையாவது மாட்டுவதற்காக எதையாவது கழற்றினால், கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். துப்பாக்கியோ, மிக்சியோ, மாமனார் கொடுத்த தையல் மெஷினோ, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, என்ன ஏது என்று சீட்டு எழுதி வையுங்கள். ஊர் ஊராக மாற்றலில் போகிற நமக்கு அந்த டப்பா இன்னும் முக்கியம். நாம் மாட்டியது நமக்கே பிடிக்காமல் போகலாம். பழையபடி ஆக்குவதற்கு ஒரு வழி இருக்கவேண்டும்.

அங்கிளின் மகன் பண்டிகைக்கு வந்திருந்தார். அப்பா துப்பாக்கியை நீட்டினார். மகன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குழல் வாயில் பூவைச் செருகினார்.

உங்கள் வீட்டில் டூத் பேஸ்ட் அப்பிய ஓட்டை எது? சொல்லுங்கள்.